காடி சுத்தம்

அந்த ஊருக்குக் கடலைப் பார்த்த வாசல் ஒன்றே ஒன்றுதான். மதிலின் அடியில் குடைந்தெடுத்த மாதிரி இருக்கும். பட்டப்பகலிலும் உள்ளே ஈரமும் அரையிருட்டும்தான். கதவு பக்கவாட்டில் திறக்கிற கதவு அல்ல, மேலிருந்து இறங்குகிற கதவு. பலகைமேல் பலகை வைத்து இரும்புப் பட்டை அடித்து, ரெண்டு சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அது வந்து உட்காருவதற்கு ரெண்டு பக்கத்துத் தூணிலும் கீழே வாசல் கல்லிலும் முழங்கை ஆழத்துக்குப் பள்ளம் வெட்டியிருந்தது. அந்தப் பள்ளத்துக்குப் பேர் காடி.

காடியைச் சுத்தமாக வைத்திருப்பது அவள் வேலை. அதனால் அவளுக்குக் காடிக்காரி என்றே பேர் விழுந்துவிட்டது. கடல் ஒவ்வொரு நாளும் உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்போது மணலும் கூழாங்கல்லும் சிப்பியும் காடிக்குள் போட்டுவிட்டுப் போகும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரும்புக் கொக்கியால் கிளறி, கையால் அள்ளி, கூடையில் கொட்ட வேண்டும். தூணில் ஒட்டின சிப்பியைச் சுரண்ட வேண்டும். சுரண்டிச் சுரண்டி அவள் விரல் நகமெல்லாம் பாதியாகத் தேய்ந்து கிடக்கும். "உனக்கு நகம் வெட்டுற செலவே இல்ல" என்பான் அவள் தம்பி.

தம்பி மேலே இருந்தான். வாசலுக்கு மேல் ஒரு அறை, அதில் ஒரு பெரிய சக்கரம். அதைச் சுற்றித்தான் சங்கிலியை இறக்குவதும் ஏற்றுவதும். சக்கரக்காரர்களுக்கு அவன்தான் தலைவன். சங்கிலி இறங்குகிற ஓட்டை வழியாக மேலே இருப்பவனும் கீழே இருப்பவளும் பேசிக்கொள்ளலாம். பாதி நேரம் ஊர் வம்புதான். ஆனால் வேலைப் பேச்சு ஒன்று உண்டு. கதவை இறக்கும் முன்னால் அவள் காடி முழுக்கக் கையை ஓட்டிப் பார்த்துவிட்டு, "காடி சுத்தம்!" என்று அண்ணாந்து கத்த வேண்டும். அந்தக் குரல் கேட்காமல் சக்கரம் சுற்றாது. ஒரு கல் அடியில் இருந்தாலும் கதவு கோணிக்கொண்டு ஒரு பக்கம் நின்றுவிடும், சங்கிலி தளரும், சக்கரம் திருப்பி அடிக்கும். தம்பிக்கு முன்னால் தலைவனாக இருந்த ஆளுக்கு அப்படி அடித்ததில்தான் கை வளைந்துபோனது. அன்றிலிருந்து ராஜாவே வந்து சொன்னாலும் சரி, கீழேயிருந்து குரல் வர வேண்டும்.

கதவை எதற்கு இறக்குவது என்றால், முதுகனுக்காக. காற்று திரும்புகிற பருவத்தில் கடலிலிருந்து முதுகன்கள் வரும். முதுகைத் தவிர வேறெதையும் யாரும் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பேர். கருத்த குன்று ஒன்று தண்ணீரில் நகர்ந்து வருகிற மாதிரி இருக்கும். உடம்பெல்லாம் சிப்பி ஒட்டி அரிப்பெடுக்கும்போலிருக்கிறது, சொறிந்துகொள்ள அதற்கு இந்த ஊர் மதில்தான் கிடைத்தது. மாடு மரத்தில் உரசுகிற மாதிரி உரசும். உரசினால் மதிலோரத்து வீடுகளில் அடுக்கி வைத்த பாத்திரமெல்லாம் கிணுகிணுக்கும். அதோடு சேர்ந்து கடலும் பொங்கி வரும். முதுகனுக்கு ஊர்மேல் கோபம் ஒன்றும் இல்லை. அரிப்பெடுத்தவன் சொறியும்போது கீழே எறும்பு ஊர்கிறதா என்று பார்ப்பானா? ஆனால் எறும்பு பார்த்துத்தானே ஆக வேண்டும்.

கோட்டைக் கோபுரத்திலிருந்து காவல்காரன் கொம்பு ஊதுவான். முதல் ஊதலுக்கு வெளியே இருப்பவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வர வேண்டும். ரெண்டாவது ஊதலுக்குக் கதவு இறங்க வேண்டும்.

அவள் புருஷன் பூச்சுக்காரன். முதுகன் உரசிப் பெயர்த்த இடமெல்லாம் மதிலுக்கு வெளியே நின்று சுண்ணாம்பு பூசுகிற கூட்டத்துக்கு அவன்தான் பெரிய ஆள். நீர் வற்றின நேரத்தில் மதிலில் இரும்பு முளை அடித்து, பலகை கட்டித் தொங்கி வேலை செய்வார்கள். அவன் வீட்டுக்கு வரும்போது புருவம், காது, மூக்கு நுனி எல்லாம் வெள்ளையாக இருக்கும். "மாவுல புரண்ட மீன் மாதிரி இருக்கான், அப்படியே பொரிச்சு எடுத்துடலாம்" என்பாள் அவன் அம்மா.

அந்த அம்மாள் சிப்பி அலசுகிறவள். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகிற சிப்பியைத் தொட்டியில் போட்டு மிதித்து அலச வேண்டும். நாளெல்லாம் தண்ணீரில் நின்று நின்று அவள் கால் ரெண்டும் ஊறின கயிறு மாதிரி ஆகிவிட்டது. வாய் மட்டும் காய்ந்தே இருக்கும். மருமகள் வைக்கிற கஞ்சியில் உப்பு இருந்தால் அதிகம், இல்லாவிட்டால் குறைவு. சரியாக இருந்தால், "இன்னிக்கு யாரு வந்து வெச்சுக் கொடுத்தா?" என்று கேட்பாள்.

அன்றைக்குக் காலையிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கருவாட்டைச் சுட்டுத் தட்டில் போட்டாள். புருஷன் குனிந்து கால் துணியைச் சுற்றிக்கொண்டே, பெரிய விஷயம் இல்லாத மாதிரி சொன்னான்.

"இன்னிக்கு மூக்குப் பாறைக்கு அந்தப் பக்கம் வேலை."

அவள் திரும்பினாள். "அந்தப் பக்கம்னா? கோட்டைக்கு அடியிலயா?"

"ஆமா. பிரபு படுக்கிற அறைக்குக் கீழ சுவத்துல விரிசல் விட்டிருக்காம். காத்து உள்ள வந்து தூக்கம் வரலையாம்."

"அவருக்குத் தூக்கம் வரலைன்னா போத்திக்கச் சொல்லுங்க. பருவம் திரும்பிடுச்சு. மதில் வேலையே முடிஞ்சுபோச்சுன்னு சொன்னீங்களே."

"முடிஞ்சுதான் போச்சு. இது காரியக்காரர் தனியாச் சொன்ன வேலை."

கோட்டைக் காரியங்களைப் பார்க்கிறவர் அந்தக் காரியக்காரர். பிரபுவின் வாய் அவர்தான், கை அவர்தான். பிரபுவை ஊர்க்காரர்கள் பார்த்ததும் முதுகனின் முகத்தைப் பார்த்ததும் ஒன்று.

"பாறையைத் தாண்டிப் போனா, முதல் ஊதல் கேட்டு வர்றதுக்குள்ள ரெண்டாவது ஊதிடுவானே" என்றாள்.

"நானும் அதைத்தான் கேட்டேன். 'நீங்க வர்ற வரைக்கும் வாசலைக் காத்து வெப்போம், நான் பொறுப்பு'ன்னு சொன்னாரு. எங்க ஆளுங்க எல்லாரும் காதால கேட்டாங்க."

"அவரு பொறுப்பு!" என்றாள் மாமியார், கருவாட்டு முள்ளைத் துப்பிவிட்டு. "அந்த ஆளு போன வருஷம் எனக்கு ஒரு புதுத் தொட்டி வாங்கித் தரேன்னான். இன்னும் ஓட்டைத் தொட்டியிலதான் கால் வெச்சு நிக்கிறேன். அவன் பொறுப்பை வெச்சுக் கஞ்சி காய்ச்சினா அடுப்புகூட எரியாது."

"சரிம்மா, வேலைக்குப் போகாம இருக்க முடியுமா?" என்று எழுந்தான் மகன். போகும்போது பெண்டாட்டியின் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். சுண்ணாம்புக் கையின் வெள்ளைத் தடம் ரவிக்கையில் ஒட்டிக்கொண்டது. அவள் தட்டிவிட்டாள். அது போகவில்லை.

மத்தியானம் வரைக்கும் வானத்தில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு காற்று நின்றது. நின்ற விதம்தான் சரியில்லை. பேசிக்கொண்டிருந்த ஆள் சட்டென்று வாயை மூடிக்கொண்டு வாசலைப் பார்க்கிற மாதிரி நின்றது. காடியில் கையை விட்டிருந்தவள் தலையைத் தூக்கிக் கடலைப் பார்த்தாள். தண்ணீர் ஈயம் உருக்கி ஊற்றின மாதிரி கிடந்தது.

முதல் ஊதல் கேட்டது.

மீன்காரிகள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். படகு இழுக்கிறவர்கள் வந்தார்கள். மதிலோரத்தில் பாசி பறித்தவர்கள் வந்தார்கள். அவள் வந்தவர் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே காடியை அள்ளினாள். ஒரு வெள்ளைப் புருவமும் வரவில்லை.

"அக்கா!" என்று மேலேயிருந்து தம்பி கூப்பிட்டான். "மாமா வந்துட்டாரா?"

"இன்னும் இல்லடா. பாறைக்கு அந்தப் பக்கம் போயிருக்காரு."

மேலே தம்பி நடந்து போகிற காலடிச் சத்தம் கேட்டது. பிறகு, "கோபுரத்துல கொம்பை வாயில வெச்சுட்டான், இங்கேருந்து தெரியுது" என்றான்.

ரெண்டாவது ஊதல் வந்தது. நீளமாக, மாடு அலறுகிற மாதிரி.

"அக்கா, காடி?"

அவள் கொக்கியைத் தரையில் வைத்தாள். வாசல் கல்மேல் ஏறி, காடிக்குள் ரெண்டு காலையும் இறக்கி நின்றாள்.

"காடி சுத்தமில்ல" என்றாள்.

"எது கிடக்கு?"

"நான் கிடக்கேன்."

மேலே யாரோ சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை.

காரியக்காரர் அங்கே வந்து சேர நேரமாகவில்லை. கோட்டையிலிருந்து மதில்மேலேயே நடந்து வரலாம், காலில் ஈரம் படாது. பின்னால் ரெண்டு காவல்காரர்கள். படியிறங்கிப் பாதியில் நின்றுகொண்டார். கீழே ஏற்கெனவே முதல் அலை வந்து கல்லை நனைத்துவிட்டுப் போயிருந்தது.

"ஊதினது கேக்கலையா?"

"கேட்டுச்சுங்க ஐயா."

"அப்புறம் ஏன் கதவு இறங்கல?"

"வெளிய ஆளு இருக்குங்க. நீங்க அனுப்பின ஆளு. வர்ற வரைக்கும் காத்து வெப்போம்னு நீங்கதான் சொன்னீங்களாம்."

"சொன்னேன், இல்லைன்னு சொல்லலை. முதுகன் இவ்வளவு சீக்கிரம் வரும்னு நான் கண்டேனா? ஊர் முக்கியமா, நாலு பூச்சுக்காரங்க முக்கியமா?"

"கோட்டை மேலயிருந்து கயிறு போட்டு ஏத்திடுங்க. அடுத்த நிமிஷம் குரல் கொடுக்கிறேன்."

"கயிறு கிடங்குல இருக்கு. கிடங்குச் சாவி பிரபுகிட்ட இருக்கு. பிரபு சாப்பிட்டுட்டு இருக்காரு."

"அப்ப கோட்டைக்கு அடியில மீன் கொண்டுபோற சின்னக் கதவு இருக்கே, அதைத் திறங்க. அவங்க நிக்கிற இடத்துக்குப் பக்கம்தானே."

காரியக்காரர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "அந்தக் கதவைப் போன மழைக்கு முன்னாடியே கல் வெச்சு அடைச்சாச்சு. அடைச்சுப் பூசினதே உன் புருஷன்தான். தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். மறந்துபோயிருந்தாள். அன்றைக்கு ராத்திரிச் சோற்றின்போது அவன் பெருமையாகச் சொன்னான்: 'கதவு எங்க இருந்துச்சுன்னு இனிமே அதைக் கட்டினவனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.' இவளும் சிரித்தாள். இன்னொரு கரண்டி ஊற்றினாள். இப்போது அந்தச் சுவருக்கு முன்னால்தான் அவன் நிற்கிறான். அவன் பூச்சில் ஒரு கீறல்கூட இருக்காது. அவன் வேலை அப்படி.

ஆனாலும் அவள் கால் காடியை விட்டு நகரவில்லை.

"அடைக்கச் சொன்னது நீங்க" என்றாள். "இருக்கிறது இந்த ஒரு வாசல்தான். இதை நான் அடைக்க மாட்டேன்."

காரியக்காரர் பின்னால் திரும்பி ஒரு காவல்காரனிடம் ஏதோ சொன்னார். அவன் ஓட்டைக்குக் கீழே போய் நின்று, தொண்டையைச் செருமி, "காடி சுத்தம்!" என்று கத்தினான்.

மேலேயிருந்து உடனே பதில் வந்தது. "யாருப்பா அது? ஆட்டுக்குட்டி ஏதும் வாசல்ல மாட்டிக்கிச்சா?"

"டேய், நான் கோட்டைக் காவல்காரன்!"

"அப்ப கோட்டையைக் காவல் காத்துக்கங்க. காடியை எங்க அக்கா பாத்துக்கும்."

காரியக்காரர் முகம் சிவந்து, தானே மேலே ஏறிப் போனார். என்ன பேசினார்கள் என்பது ஓட்டை வழியாகக் கீழே நன்றாகக் கேட்டது. குரல் இல்லாவிட்டாலும் சுற்று என்றார். வேலை போய்விடும் என்றார். தம்பி மரியாதையாகத்தான் பேசினான்.

"சுத்தலாங்க ஐயா. அடியில ஒரு கல் கிடந்தா சக்கரம் திருப்பி அடிக்கும். இந்தக் கைப்பிடி முதல்ல மாருலதான் அடிக்கும். நீங்க இந்த இடத்துல வந்து பிடிச்சுக்கங்க, நான் அந்த மூலையில நிக்கிறேன்."

அடுத்துக் கேட்டது காரியக்காரர் படியிறங்கி வருகிற செருப்புச் சத்தம்.

அதற்குள் தெருவே திரண்டு வாசல் முன்னால் வந்துவிட்டது. தண்ணீர் கணுக்கால் அளவு ஏறியிருந்தது. கடலில் தூரத்தில் முதல் முதுகு தெரிந்தது. ரொட்டிக்காரர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் கடை வாசலிலிருந்து மூன்றாவது. கெட்ட மனுஷன் இல்லை. கடன் சொன்னால் முகம் சுளிக்காதவர்.

"அம்மாடி, உன் மனசு எனக்குப் புரியுது. என் மாவு மூட்டையெல்லாம் தரையில இருக்கு. அடுப்புக்குள்ள தண்ணி போனா கல்லு வெடிச்சிடும். நாளைக்கு இந்தத் தெரு எதைத் தின்னும்?"

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காரியக்காரரைப் பார்ப்பது சுலபமாக இருந்தது. "அண்ணே, வாசலுக்கு முதல் வீடு என் வீடு. என் பாய், என் அரிசிப் பானை, என் உப்பு ஜாடி எல்லாம் இந்நேரம் மிதக்கும். உங்க மாவு நனைஞ்சா அதுக்கு நான்தான் காரணம், வேற யாரும் இல்ல. திட்டிக்கங்க. ஆனா அடைக்க மட்டும் சொல்லாதீங்க."

ரொட்டிக்காரர் நின்றார். பிறகு திரும்பி, கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "என்னய்யா வேடிக்கை பாக்குறீங்க? மூட்டையைப் பரண்ல ஏத்த ரெண்டு பேர் வாங்கய்யா! அடுப்பு வாயை அடைக்க மண்ணு கொண்டாங்க!" அப்புறம் யாரும் அவளிடம் கெஞ்ச வரவில்லை. தெரு முழுக்கத் தட்டுமுட்டுச் சாமான் மேலே ஏறுகிற சத்தம்தான். எல்லாரும் அவளைத் திட்டிக்கொண்டேதான் ஏற்றினார்கள்.

காரியக்காரர் குரலைத் தாழ்த்திப் பேசினார். அதுதான் அவர் பேசினதிலேயே கொடுமையான பேச்சு.

"இங்க பாரும்மா. கோவத்துல சொல்லலை. பாறைக்கு அந்தப் பக்கம் இந்நேரம் தண்ணி ஆள் உயரத்துக்கு வந்திருக்கும். அவங்க இப்ப இருக்க மாட்டாங்க. இல்லாதவங்களுக்காக இருக்கிறவங்களை முக்கப் போறியா?"

ஒரு பெரிய அலை வந்து முழங்காலில் அடித்துவிட்டுப் போனது. காடிக்குள் கூழாங்கல் உருண்டு வந்து அவள் கால் விரல்களில் முட்டியது. இவர் சொல்வது நிஜமாக இருந்தால்? இருக்கலாம். அவள் கையில் அதற்கு எதிராக ஒன்றுமில்லை.

"இல்லைன்னா உடம்பு வரும்" என்றாள். "அதுவும் இந்த வாசல் வழியாத்தான் வரணும். உடம்புக்கும் கதவைத் திறந்துதான் வெப்பேன்."

"இவளைப் பிடிச்சு இழுங்கடா" என்றார் காரியக்காரர்.

காவல்காரர்கள் தண்ணீரில் இறங்கினார்கள். அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு சிப்பிக்கூடை ஒன்று வந்தது. கூடைக்குக் கீழே மாமியார் இருந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து கூடையைக் காடிக்குள் கவிழ்த்தாள். காளவாய்க்குப் போக வேண்டிய சிப்பி மொத்தமும் கலகலவென்று பள்ளத்தில் கொட்டியது. அதன்மேல் வெறுங்கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் இடுப்பு வரை வந்தது.

"அத்தை, என்ன பண்றீங்க?"

"நாளெல்லாம் தண்ணியில நின்னேன். இப்ப உக்காரலாம்னு வந்தேன்." காவல்காரர்களைப் பார்த்தாள். "வாங்கப்பா, இழுங்க. எந்தக் கையைப் பிடிக்கிறீங்க? இது வலி கை, அதைப் பிடிங்க, கொஞ்சம் நீவிவிட்ட மாதிரி இருக்கும்."

காவல்காரர்களில் இளையவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அம்மாவும் அதே தொட்டிகளில் சிப்பி அலசுகிறவள்தான்.

"நீ சரியா நில்லு" என்றாள் மாமியார் மருமகளிடம். "நிக்கிறதைப் பாரு, காத்துல ஆடுற துணி மாதிரி. இடுப்பைக் கொடு. என் தோளைப் பிடிச்சுக்க."

அவள் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அந்தத் தோளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எலும்பும் தோலுமாக இருந்தது, ஆனால் அசையவில்லை.

அப்போது வெளிச்சம் போனது. மேகம் இல்லை. வாசலுக்கு வெளியே ஒரு முதுகு போய்க்கொண்டிருந்தது. கருப்பாக, ஈரமாக, வீட்டுச் சுவர் கனத்துக்கு ஒட்டின சிப்பியோடு, முடிவே இல்லாமல் போனது. மதில் நடுங்கியது. தூணிலிருந்து காரை உதிர்ந்து தலையில் விழுந்தது. தெருவில் எங்கோ ஒரு அடுக்குப் பாத்திரம் சரிந்து உருண்டது. காரியக்காரர் படியில் நாலு படி மேலே ஏறிவிட்டார். முதுகு போனதும் வெளிச்சம் வந்தது. வெளிச்சத்தோடு தண்ணீரும் வந்தது. அவள் மார்பு வரைக்கும் வந்து, மாமியாரைக் கழுத்து வரைக்கும் மூடிவிட்டுத் திரும்பியது. மாமியார் துப்பினாள். "உப்பு அதிகம். நீ வெச்ச கஞ்சி மாதிரியே இருக்கு."

தண்ணீர் திரும்பிப் போகும்போதுதான் மதில் ஓரத்தில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது.

பூச்சு வேலைக்கு அடித்த இரும்பு முளைகள் மதில் நெடுக இருந்தன. அதைப் பிடித்துக்கொண்டு, பலகைக் கயிற்றால் ஒருத்தர் இடுப்போடு ஒருத்தரைக் கட்டிக்கொண்டு, சுவரில் ஒட்டின பல்லி மாதிரி வந்துகொண்டிருந்தார்கள். அலை வரும்போது சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார்கள். போனதும் ஒரு முளை நகர்வார்கள்.

"வராங்கடா!" என்று அவள் கத்தினாள். மேலே சக்கர அறையில் காலால் தரையை உதைத்து ஆரவாரம் செய்தார்கள்.

முதலில் வந்தவனை ரொட்டிக்காரர் கயிற்றோடு இழுத்தார். ஒருத்தனுக்குக் கால் நசுங்கியிருந்தது, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தன் வந்தான். கடைசியாக அவள் புருஷன். சுண்ணாம்பெல்லாம் கழுவிப்போய் அவன் முகம் நிஜ நிறத்தில் இருந்தது. சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அவன் அவளைப் பார்த்தான், தன் அம்மா கூடைமேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான், கதவைப் பார்த்தான்.

"ஏன் இன்னும் இறக்கல?" என்றான்.

"அதை அப்புறம் சொல்றேன். உள்ள போங்க."

"அந்தச் சின்னக் கதவு இருந்த இடத்தைத் தேடினேன்" என்றான், பல் தந்தியடிக்க. "கையால தடவித் தடவிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியல."

"போங்க உள்ள."

அதற்கப்புறம்தான் பெரிய வேலை. காடிக்குள் ஒரு கூடைச் சிப்பியும் கடல் கொண்டுவந்த கல்லும் கிடந்தன. கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குள் காலாலும் கொக்கியாலும் தடவித்தான் எடுக்க வேண்டும். அடுத்த முதுகு தூரத்தில் திரும்பிக்கொண்டிருந்தது. மாமியாரும் குனிந்து மிதித்துத் தள்ளினாள், அந்த விஷயத்தில் அவள் கால் சொன்னதைக் கேட்கும். "சீக்கிரம், சீக்கிரம்" என்று படியில் நின்று கையைப் பிசைந்தார் காரியக்காரர். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் ஒரு தூணிலிருந்து மறு தூண் வரைக்கும் விரலை ஓட்டினாள். மூச்சை அடக்கி இன்னொரு தடவை ஓட்டினாள். தலையைத் தூக்கித் தண்ணீரைத் துப்பிவிட்டுக் குரல் கொடுத்தாள். கதவு இறங்கி, கல்லில் உட்கார்ந்து, கடலை வெளியே நிறுத்தியது.

அன்றைக்கு ராத்திரி தெருவில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. எல்லாரும் தண்ணீரை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார்கள். மாவு பாதி தப்பியது, பாதி பசையாகிவிட்டது. காடிக்காரியைத் திட்டாத வாய் இல்லை. ஆனால் ஒருத்தி திட்டிக்கொண்டே வந்து ஒரு காய்ந்த போர்வையை வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் வெயில் ஏறினதும் காரியக்காரர் வந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார். வீட்டுக்கு வெளியே நனைந்த பாயைப் பிழிந்துகொண்டிருந்தாள் அவள். புருஷன் காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். தம்பி வாசல்படியில் உட்கார்ந்திருந்தான்.

"இனிமே காடி வேலைக்கு நீ வேண்டாம்" என்றார் காரியக்காரர். "பிரபு உத்தரவு."

"சரிங்க ஐயா" என்றாள். பாயை உதறினாள்.

அவர் அழுகையை எதிர்பார்த்து வந்திருக்க வேண்டும். அது வரவில்லை. தெருவைப் பார்த்து, "யாருக்காவது அந்த வேலை வேணுமா?" என்று கேட்டார். ஒருத்தி வாளியை இன்னும் சத்தமாகக் கொட்டினாள். ரொட்டிக்காரர் பெண்டாட்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் மறுபடியும் கொம்பு ஊதலாம். குரல் இல்லாவிட்டால் சக்கரம் சுற்றாது. அவர் தம்பியைப் பார்த்தார், தம்பி வானத்தைப் பார்த்தான்.

"நான் வரேன்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. மாமியார் தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தாள்.

காடிக்காரிக்கு முகம் கறுத்தது. "அத்தை!"

"நீ சும்மா இரு. வீட்டுல அடுப்பு எரியணும்ல?" என்று அவளை அதட்டிவிட்டு, காரியக்காரரிடம் குழைந்தாள். "எனக்கும் தொட்டியில நின்னு நின்னு அலுத்துப்போச்சுங்க. இந்த வேலை நல்ல வேலை. குனியறது, அள்ளறது, ஒரு சத்தம் போடறது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்" என்றார் காரியக்காரர். அவருக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. "ஊதினதும் உடனே குரல் கொடுக்கணும். மருமகள் மாதிரி வீம்பு பண்ணக் கூடாது."

"ஐயோ, எனக்கு எதுக்குங்க வீம்பு? ஒரே ஒரு சங்கடம்." அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரை உற்றுப் பார்த்தாள். கஞ்சியில் விழுந்த உமியை இந்தக் கோடியிலிருந்து பார்த்து மருமகளைத் திட்டுகிற கண் அது. "எனக்குப் பார்வை மங்கலுங்க. தூரத்துல வர்ற ஆளு தெரியாது. அதனால வெளிய போனவங்க ஒவ்வொருத்தரா வந்து, என் முன்னாடி நின்னு, நான் தொட்டுப் பார்க்கிற மாதிரி முகத்தைக் காட்டிட்டுத்தான் உள்ள போகணும். எல்லா முகமும் வந்தப்புறம்தான் எனக்குக் காடி சுத்தமா இருக்கான்னு பார்க்கவே தோணும்."

காரியக்காரர் வாயைத் திறந்தார். தம்பி படியிலிருந்து எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான்.

"அது போதும் ஐயா" என்றான். "மேல நாங்க எல்லாரும் அத்தை குரலைக் கேட்டுப் பழகிக்கிறோம்."

"என்ன நின்னுக்கிட்டு இருக்க?" என்று மாமியார் மருமகள் பக்கம் திரும்பினாள். "அந்தக் கொக்கியை எடுத்துட்டு வா. எப்படிப் பிடிக்கணும்னு காட்டு. அதையாவது ஒழுங்காச் செய்."